‘ஓம்’ என்றால் விளங்கிவிட்டதா? - வேலை பழக்குபவர்களுக்கு ஒரு பாடம்



இந்த இதழின் பாடம் வேலை பழகுகிறவர்களுக்கு அல்ல, வேலை பழக்குகிறவர்களுக்கு. கங்காணிமார், மேற்பார்வையாளர்கள், பிள்ளை மடுவத்தில் பிள்ளைகளைப் பார்க்கும் அம்மாமார், புதிதாக வந்த மருமகளுக்குக் கஜு உடைக்கக் காட்டிக் கொடுக்கும் மாமியார், எல்லோரும் ஒரு வகையில் ஆசிரியர்களே. நலன்புரிப் பிரிவைச் சேர்ந்த நாங்களும் அப்படித்தான். எங்கள் பிழைகளில் இருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறோம்.

ஒரு சொல்லால் வந்த வினை

சில வருடங்களுக்கு முன் முந்திரிகை மரங்களுக்கு மருந்தடிக்கும் வேலைக்குப் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தோம். கச்சான் காற்று வீசுகிற காலம். முதலில் நாங்கள் அரை மணித்தியாலம் பேசினோம். கையுறை, முகமூடி, சாப்பிட முன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுதல், வெறும் போத்தலைக் குடிதண்ணீருக்கு எடுக்காமை என்று ஒன்றும் விடவில்லை. பிறகு எங்கள் மூத்த கங்காணி தாங்கியை முதுகில் போட்டுச் செய்து காட்டினார். அறுபது வயது, ஊரில் எல்லோரும் மதிக்கிற மனிதர். கடைசியில் அவர் சொன்னார்:

“காத்து மாறினா உடனே கிறுகி நில்லுங்க. காத்து முதுகுப் பக்கம் இருக்கணும். விளங்குதா?”

எல்லோரும் ஒரே குரலில் “ஓம்” என்றார்கள். நாங்களும் திருப்தியோடு வரவில் கையொப்பம் வாங்கிக்கொண்டு போய்விட்டோம்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் காற்று மாறியது. பத்தொன்பது வயதுப் பொடியன் ஒருவன் நின்ற இடத்திலேயே நின்று அடித்துக்கொண்டிருந்தான். மருந்து முழுவதும் முகத்தில். அரை மணித்தியாலத்தில் வாந்தி, தலைச்சுற்று. தோட்டத்து லொறியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரண்டு இரவு அங்கே வைத்திருந்து அனுப்பினார்கள். கடவுள் காப்பாற்றினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டோம்: “ஏன் தம்பி, கிறுகி நில் என்று கங்காணி ஐயா சொன்னாரே?”

அவன் சொன்னான்: “கிறுகுறதுன்னா என்னாங்க? எனக்கு அந்த வார்த்தை தெரியாதுங்க.”

“அப்ப ஏன் ஓம் எண்டு சொன்ன?”

“பெரியவரு கேக்குறப்ப, எல்லார் முன்னுக்கும், தெரியாதுன்னு எப்புடிங்க சொல்றது?”

அவனுடைய தாய் தகப்பன் 1983 கலவரத்துக்குப் பின் மலையகத்தில் இருந்து இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்கள். வீட்டில் இன்னும் மலையகத் தமிழ்தான். மட்டக்களப்பான் ‘கிறுகு’ என்றால் மலையகத்தான் ‘திரும்பு’ என்பான். இரண்டும் தமிழ். ஆனால் அந்த ஒரு சொல் தெரியாமல் ஒரு தாய் பிள்ளையை இழக்கப் பார்த்தாள்.

பிழை பொடியனிடம் இல்லை. கங்காணி ஐயாவிடமும் இல்லை, அவர் தன் வாயில் வருகிற தமிழைத்தான் பேசினார். விளங்கியதா என்று பார்க்காமல் கையொப்பத்தை மட்டும் பார்த்த எங்களிடம்தான் பிழை.

எங்கள் சனம் வாய் பேசாத சனமா?

வெளியில் இருந்து பயிற்சி கொடுக்க வருகிறவர்கள் அடிக்கடி ஒன்று சொல்வார்கள்: “உங்கள் ஆட்கள் கேள்வியே கேட்கிறார்கள் இல்லை. சொன்னால் தலையாட்டுகிறார்கள்.” வெளிநாட்டுப் பயிற்சி நூல்கள் சிலவற்றிலும் இப்படி ஒரு கதை உண்டு. ஆசிய நாட்டார் வகுப்பில் பேச மாட்டார்கள், மனப்பாடம் செய்வார்கள், ஆசிரியரை மறுத்துப் பேச மாட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசியா என்பது எவ்வளவு பெரிய கண்டம்! ஓட்டமாவடியில் இருப்பவனும் யப்பானில் இருப்பவனும் ஒரே மாதிரிப் படிப்பான் என்று எப்படிச் சொல்வது? பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமே ஒரே மாதிரி இல்லை.

வேளாண்மை செய்கிறவர்கள் பெரும்போகத்துக்கு முன் நடக்கிற ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வாகனேரிக் குளத்துத் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது, மாட்டை எந்த நாளுக்குள் வயலை விட்டு வெளியேற்றுவது என்று அங்கே எப்படிப் பேசுகிறார்கள்! வட்டைவிதானை என்றும் பார்ப்பதில்லை, பெரிய உத்தியோகத்தர் என்றும் பார்ப்பதில்லை. எழும்பி நின்று கேள்வி கேட்பார்கள், கணக்கோடு மறுப்பார்கள்.

அதே மனிதர்கள்தான் எங்கள் பயிற்சிக்கு வந்து வாய் மூடி இருக்கிறார்கள். காரணம் என்ன? அங்கே பேசுவது தங்கள் வயலைப் பற்றி, தங்களுக்குத் தெரிந்ததைப் பற்றி. இங்கே கதிரையில் வரிசையாக இருத்தி, தெரியாதவர்கள் என்று தீர்மானித்து, புத்தகத் தமிழில் பேசுகிறோம். தெரியாது என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். பெரியவர் மனம் நோகுமோ என்ற மரியாதை இன்னொரு பக்கம். ஆகவே ‘ஓம்’ என்று சொல்லி விடுகிறார்கள். அந்த ‘ஓம்’ மரியாதைக்குச் சொன்னது. விளங்கியதற்குச் சொன்னது அல்ல. இந்த இரண்டையும் பிரித்து அறிவதே பழக்குபவனின் முதற்பாடம்.

கட்டளைத் தமிழும் கற்பிக்கும் தமிழும்

வெள்ளைக்காரன் காலத்தில் மலையகத் தோட்டங்களுக்கு வருகிற சின்னத் துரைமார் தமிழ் பழகுவதற்குக் கைநூல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றின் பெயரே ‘இங்கே வா’. பெயரே போதும், எந்தத் தமிழ் அவர்களுக்குத் தேவைப்பட்டது என்று விளங்கும். வா, போ, வெட்டு, தூக்கு. ஆளை வேலை வாங்குவதற்கு அது போதும். ஆளுக்கு வேலையைக் கற்பிப்பதற்கு அது போதாது. துரை சொல்வதைக் கணக்கப்பிள்ளை சொல்வார், கணக்கப்பிள்ளை சொல்வதைக் கங்காணி சொல்வார், கடைசியில் கொழுந்து எடுக்கிறவளுக்கு வந்து சேர்வது அதட்டல் மட்டும்தான். அந்தப் பழக்கம் இன்றும் எங்கள் வாயில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

ஆனால் அதே நூற்றாண்டில் இதே இலங்கையில் இன்னொரு வழியும் இருந்தது. அமெரிக்காவில் இருந்து 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பவரை அறிந்துகொள்ள வேண்டும். மானிப்பாயில் இருந்துகொண்டு ஊர்ப் பொடியன்மாருக்கு மேல்நாட்டு வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான் படிப்பித்தார். அப்படிப் படித்தவர்கள் பலர் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூருக்குப் போய்விட்டார்கள். ஊரில் பிள்ளைப்பேற்றுக்கும் காயத்துக்கும் ஆள் இல்லை. இதைப் பார்த்த கிறீன் 1860களில் வைத்திய வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

அது இலேசான வேலை அல்ல. புத்தகம் இல்லை, சொற்கள் இல்லை. அவரே தமிழ் படித்து, தம் மாணவர்களையும் தமிழ் அறிந்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு புத்தகங்களை மொழிபெயர்த்தார். மனுஷ அங்காதிபாதம், இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று 4,000 பக்கங்களுக்கு மேல் அச்சாகின. ‘கெமிஸ்தம்’ என்ற பெயரைப் பாருங்கள். இரசாயனத்துக்கு ஆங்கிலத்தில் சொல்கிற சொல்லை எடுத்துத் தமிழ் வாய்க்கு ஏற்ற மாதிரித் திருத்தி வைத்திருக்கிறார். ஊர்ச் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது, அதிலும் இல்லாவிட்டால் வந்த சொல்லையே வாய்க்கு வசப்படுத்துவது, இதுவே அவர் வழி. படிக்கிறவர்கள் உடுப்பிலும் நடப்பிலும் வெள்ளைக்காரரைப் போல மாறத் தேவையில்லை, தங்கள் ஊராராகவே இருந்து ஊருக்கு வைத்தியம் செய்ய வேண்டும் என்பதும் அவர் எண்ணம். அவரிடம் 33 பேர் முழுக்கத் தமிழிலேயே வைத்தியம் படித்து வெளிவந்தார்கள்.

எங்கள் மாகாணத்திலும் ஒரு பெரியவர் இதே வழியில் போனார். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்துப் பட்டம் பெற்றவர். கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். 1930களில் சென்னையில் விஞ்ஞானத்துக்குத் தமிழ்க் கலைச்சொற்கள் ஆக்கும் முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

அறுவைச் சிகிச்சையையே தமிழில் கற்பிக்க முடிந்தது என்றால், மருந்துத் தாங்கியைத் தூக்கி அடிப்பதைத் தொழிலாளிக்கு விளங்கும் தமிழில் கற்பிக்க எங்களால் முடியாதா?

எங்கள் தோட்டத்தில் எத்தனை தமிழ்

மரத்தின் கிளைகளை அளவாக வெட்டுவதற்குத் திணைக்களத்துத் துண்டுப் பிரசுரத்தில் ‘கத்தரித்தல்’ என்று இருக்கும். மலையகத்தார் ‘கவ்வாத்து’ என்பார்கள். எங்கள் ஊரார் ‘கொப்பு வெட்டுதல்’ என்பார்கள். ‘மறுகா வா’ என்றால் பிறகு வா என்று எங்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர் விழிப்பார். முஸ்லிம் வீட்டில் வழங்கும் சொற்களும் தமிழ் வீட்டில் வழங்கும் சொற்களும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

பீடைகொல்லிகள் பற்றிய 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மருந்துப் போத்தலின் சிட்டையில் மூன்று மொழியிலும் விளக்கம் இருக்க வேண்டும். இருக்கிறது, நல்ல விடயம். ஆனால் ‘உட்சுவாசிப்பதைத் தவிர்க்கவும்’ என்று பொடி எழுத்தில் இருப்பதை யார் வாசித்து விளங்குவது? ‘மூச்சுக்குள்ள போக விடாதீங்க’ என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆகவே இப்போது எங்கள் பயிற்சி தொடங்க முன் ஒரு சிறு வேலை செய்கிறோம். அன்றைய வேலையில் வரும் முக்கியமான பத்துச் சொற்களை எடுத்து, “இதுக்கு உங்கட வீட்டில என்ன சொல்லுவீங்க?” என்று கேட்கிறோம். சிரிப்பும் கதையுமாகப் பத்து நிமிடம் போகும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எல்லோரும் வாய் திறந்து விடுவார்கள். வாய் திறந்தவன்தான் பிறகு கேள்வி கேட்பான்.

நேரமும் சாப்பாடும்

ஒருமுறை வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பயிற்சி வைத்துவிட்டு, முஸ்லிம் தொழிலாளர் வரவில்லை, அக்கறை இல்லை என்று குறிப்பு எழுதியவர்களும் நாங்களே. ஜும்ஆவுக்குப் போகிற நேரத்தில் யார் வருவார்கள்? வைகாசியில் கண்ணகி அம்மன் கோவில் குளிர்த்தி நாளில் வைத்தால் தமிழ்ப் பெண்கள் யார் வருவார்கள்? கலண்டரில் சிவப்பு எழுத்தில் இல்லாத நாட்களும் எங்கள் சனத்துக்கு நாட்கள்தான். பயிற்சித் திகதி போட முன் பள்ளிவாசலிலும் கோவிலிலும் ஒரு வார்த்தை கேட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

நோன்பு காலம் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். அந்த மாதத்தில் வகுப்பு வைக்கவே கூடாது என்று நினைக்க வேண்டாம். சஹருக்கு எழும்பி ஸுபஹ் தொழுதவர்கள் காலை ஏழு மணிக்கு எங்களை விடத் தெளிவாக இருப்பார்கள். பின்னேரம் மூன்று மணிக்கு வைத்தால்தான் பாவம். ஆனால் ஒன்றில் விட்டுக்கொடுக்க முடியாது. நோன்பு நோற்று, தண்ணீர் குடிக்காமல், உச்சி வெயிலில் மருந்தடிக்க யாரையும் விடக் கூடாது. அந்த மாதத்துக்கு வேலையை மாற்றிக் கொடுங்கள். அது சலுகை அல்ல, பாதுகாப்பு.

சாப்பாட்டிலும் அப்படியே. ஒருவர் ஹலால் பார்ப்பார், ஒருவர் வெள்ளிக்கிழமை மச்சம் தொட மாட்டார். இரண்டு பக்கமும் இரண்டு சாப்பாடு என்று பிரித்து இருத்தியதில் மனக்கசப்பு வந்ததைக் கண்டோம். இப்போது அவித்த கௌபியும் தேங்காய்ச் சொட்டும் பிளேன்டீயும்தான். எல்லோரும் ஒரு பாயில் இருந்து சாப்பிடுகிறார்கள். செலவும் குறைவு.

வீடு யாருடையது?

வீட்டுத்தோட்டப் பயிற்சி ஒன்று நடத்தினோம். ‘குடும்பத் தலைவர்கள் வரவும்’ என்று கடிதம் போட்டோம். ஆம்பிளைகள் வந்தார்கள், கன்றும் விதையும் வாங்கிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் பாதிக் கன்று பட்டுப் போய் இருந்தது.

யோசித்துப் பார்த்தால் இது எங்களுக்கே தெரிந்திருக்க வேண்டிய விடயம். மட்டக்களப்புப் பகுதியில் குடிவழி தாய்வழியாக வருவது. தமிழரிலும் முஸ்லிம்களிலும் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவதே நெடுங்கால வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். வளவு அவளுடையது, கிணற்றடி அவளுடையது, தண்ணீர் ஊற்றுவதும் அவள். அவளைக் கூப்பிடாமல் யாரைக் கூப்பிட்டோம்?

அடுத்த முறை வகுப்பை ஒரு ராத்தாவின் வீட்டு முற்றத்தில், அஸருக்குப் பின் மஃரிபுக்கு முன் வைத்தோம். சொல்லிக் கொடுக்க ஒரு பெண் உத்தியோகத்தரை அழைத்தோம். படம் பிடிக்க முன் அனுமதி கேட்டோம், விரும்பாதவர்களைப் பிடிக்கவில்லை. அறிக்கைக்குப் படம் குறைந்தது, ஆனால் பயிர் கூடியது.

பெண்களிடம் நாங்கள் படித்ததும் உண்டு. கஜுக் கோதில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்து போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நாங்கள் தடித்த கையுறை கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த நாளே கழற்றி வைத்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு ஒரு மூத்த பெண், “தம்பி, இதப் போட்டுக்கிட்டு பருப்ப முழுசா எடுத்துக் காட்டுங்க பாப்பம்” என்றார். முயன்று பார்த்தோம், எங்களால் முடியவில்லை. அவர்கள் கைக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, சாம்பல் தொட்டுக்கொண்டு உடைக்கிறார்கள். அது முழுப் பாதுகாப்பு அல்ல என்பதும் உண்மை, நகக்கண் கறுத்த கைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆகவே இரண்டு பக்கமும் பேசி, உடைக்கிற கைக்கு மெல்லிய உறை, பருப்பு எடுக்கிற கைக்கு எண்ணெயும் சாம்பலும் என்று ஒரு வழிக்கு வந்தோம். அவர்கள் செய்வதை முதலில் பார்த்திருந்தால் தடித்த உறைக்குக் காசு செலவழித்திருக்க மாட்டோம்.

நம்பிக்கை இல்லாத இடத்தில் பாடம் ஏறாது

இந்த மாவட்டத்தில் 1990இல் தமிழரும் முஸ்லிம்களும் பட்டதை ஒருவரும் மறக்கவில்லை. இன்றும் ஒரு சமூகத்துக் கங்காணி மற்றச் சமூகத்துத் தொழிலாளியைத் திருத்தினால், “வேணுமெண்டு சொல்றான்” என்ற எண்ணம் எழக்கூடும். ஆகவே பிழை கண்டால் எல்லோர் முன்னும் சொல்லாதீர்கள். பக்கத்தில் கூப்பிட்டு, காக்கா, அண்ணே, அக்கா, ராத்தா என்று முறை சொல்லிப் பேசுங்கள். வயதில் மூத்தவரை இளையவர் பழக்க வேண்டி வந்தால் இன்னும் கவனம் வேண்டும். “உங்களுக்குத் தெரியாததா, இப்ப புதுசா இப்பிடிச் செய்யச் சொல்றாங்க” என்று தொடங்கினால் கேட்பார்.

கொரோனா காலம் எங்களுக்கு இதை நன்றாகப் படிப்பித்தது. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை அந்த நோயால் இறந்தவர்களைத் தகனம் செய்வது கட்டாயமாக இருந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் அது மாறவில்லை. அந்த நாட்களில் கை கழுவுதல், முகக்கவசம் பற்றிப் பேசப் போனால் முஸ்லிம் வீடுகளில் கேட்டது ஒரே கேள்விதான்: “எங்கட மையித்த எரிச்சிருவாங்களா?” அந்தப் பயத்துக்கு மேல் எந்தச் சுகாதாரப் பாடமும் ஏறவில்லை. 2021 மார்ச் 5ஆம் திகதி எங்கள் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. அதற்காக 2024 ஜூலையில் அரசாங்கம் மன்னிப்பும் கேட்டது. ஒரு சனத்தின் நம்பிக்கையை மிதித்துக்கொண்டு அதற்கு நல்லது சொல்லிக் கொடுக்க முடியாது.

வெளிநாடு போகும் பெண்களுக்கு

எங்கள் தோட்டத்து வீடுகளில் இருந்தும் பெண்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். மூதூரைச் சேர்ந்த றிசானா நபீக் 2005இல் 17 வயதில், வயதைக் கூட்டிய கடவுச்சீட்டில், சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனார். பழகாத வேலையாகக் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் பொறுப்பும் வந்தது. குழந்தை இறந்தது. புரைக்கேறியது என்றார் அவர், கொலை என்றது வழக்கு. ஆரம்ப வாக்குமூலம் எடுத்தபோது மொழிபெயர்த்தவர் தகுதியானவர் அல்ல என்று மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

எங்கள் பொடியனுக்கு ஒரு சொல் தெரியாமல் போனது, ஆஸ்பத்திரியோடு முடிந்தது. இந்தப் பிள்ளைக்கு அப்படி முடியவில்லை. போக இருக்கிற பிள்ளைகளே, பயிற்சி நிலையத்தில் விளங்காததை ‘ஓம்’ என்று சொல்லிக் கடந்து போகாதீர்கள். குழந்தை பார்க்கத் தெரியாது என்றால் தெரியாது என்று சொல்லுங்கள். அது வெட்கம் அல்ல.

எப்படிப் பழக்குவது?

இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தார்கள். பிறகு 1989இல் ‘வயற் பள்ளி’ என்று ஒரு முறையைத் தொடங்கினார்கள். இருபத்தைந்து பேரளவில் கிழமைக்கு ஒருமுறை வயலிலேயே கூடுவார்கள். பயிரைப் பார்த்து, நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று தாங்களே படம் கீறி, தாங்களே பேசித் தீர்மானிப்பார்கள். பயிற்றுநர் கேள்வி மட்டும் கேட்பார். 1990களில் இலங்கை நெல் விவசாயிகளிடமும் அந்த முறை வந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்கிற எங்கள் சனத்துக்கு இது புதிதல்ல. எங்கள் தோட்டத்தில் அதைத் தழுவி இப்படிச் செய்கிறோம்:

1. வகுப்பு மண்டபத்தில் அல்ல, மரத்தடியில். கதிரை இல்லை, வட்டமாக நிற்பது.

2. முதலில், “நீங்க இத எப்பிடிச் செய்யிறீங்க?” என்று கேட்பது. பிறகே நாங்கள் சொல்வது.

3. “விளங்குதா?” என்ற கேள்வியைக் கைவிட்டோம். “நான் சொன்னதில எது தெளிவில்ல?” என்று கேட்கிறோம். அப்போது குறை எங்கள் சொல்லில், அவர் அறிவில் இல்லை. தெரியாது என்று சொல்ல அவருக்கு வழி கிடைக்கிறது.

4. “ஒருக்காச் செஞ்சு காட்டுங்க.” வாயால் சொன்னதைக் கையால் காட்டிய பின்தான் கையொப்பம்.

5. பழகியவர் அடுத்தவருக்குப் பழக்குவது. ஒரு தமிழர், ஒரு முஸ்லிம் என்று சோடி சேர்ப்பது. இரண்டு தமிழும் கலக்கும், இரண்டு மனமும் கலக்கும்.

6. வழக்கம் என்ன என்று கேட்பது, ஊகிக்காமல் இருப்பது. முஸ்லிம் என்றால் இப்படி, மலையகத்தார் என்றால் அப்படி என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே வீட்டில் இரண்டு சகோதரிகள் இரண்டு மாதிரி இருப்பார்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வழக்கத்தை மதிப்பது என்பது வழக்கத்தைச் சாட்டுச் சொல்வது ஆகாது. “பொம்பிளைகளுக்கு எதுக்குப் பயிற்சி, அது வழக்கமில்ல” என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னார். பெண்களைக் கேட்டோம். வருவோம், நேரத்தை மட்டும் மாற்றுங்கள் என்றார்கள். வழக்கத்தை அதற்கு உரியவர்களிடமே கேட்க வேண்டும்.

அந்தப் பொடியன் இப்போதும் எங்களோடு வேலை செய்கிறான். புதியவர்களுக்கு மருந்தடிக்கக் காட்டிக் கொடுப்பவன் அவன்தான், பக்கத்தில் கங்காணி ஐயா நிற்பார். “காத்து மாறினா கிறுகி நில்லுங்க” என்பார் அவர். “அதாவது திரும்பிக்கிட்டு நில்லுங்க, இப்புடி” என்று இவன் திரும்பிக் காட்டுவான். பிறகு ஒவ்வொருவரையும் திரும்பச் சொல்லிப் பார்ப்பான். கங்காணி ஐயாவும் எல்லோரோடும் சேர்ந்து ஒரு தரம் திரும்புவார்.

ஓட்டமாவடிப் பழைய பாலத்தில் ரயிலும் பஸ்ஸும் ஒரே பாதையில் போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ரயில் வந்தால் பஸ் காத்து நிற்கும், பிறகு பஸ் போகும். மற்றவருக்காக நின்று கொடுத்தே இரண்டு கரையையும் சேர்ந்தோம். பழக்குபவரும் பழகுபவரும் அப்படித்தான்.

கலந்து பேசுவதற்கு

1. உங்கள் வேலையில் தினமும் வரும் ஐந்து சொற்களை எழுதுங்கள். பக்கத்து வீட்டார் அவற்றை எப்படிச் சொல்கிறார்கள்?

2. விளங்காமலே ‘ஓம்’ என்று நீங்கள் சொன்ன ஒரு சந்தர்ப்பம் எது? கேட்டவர் எப்படிக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்கள்?

3. உங்கள் பிரிவில் அடுத்த பயிற்சியை எந்த நாள், எந்த நேரம், எந்த இடத்தில் வைத்தால் எல்லோரும் வர முடியும்?

விடைகளை எழுதியோ நேரில் வந்தோ சொல்லுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

நலன்புரிப் பிரிவு
ஓட்டமாவடி